அந்தரத்தில் பன்னிரண்டு கிலோ

மயிலாவதியால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. லாரி புக்கிங் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்த நாற்காலி அப்படியேதான் இருந்தது, ஆனாலும் போன் அடித்தால் எழுந்து நின்று பேசினாள், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பார்க்க எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினாள், வீட்டில் சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடித்தாள், பஸ்ஸில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். பிரஷர் பார்த்த டாக்டர், "உள்ள என்னமோ ஓடிட்டே இருக்குதும்மா. எதாச்சும் எக்சர்சைஸ் பண்ணி அதை வேர்வையா வெளிய அனுப்புங்க" என்றார்.

உள்ளே என்ன ஓடுகிறது என்று மயிலாவதிக்குத் தெரியும். அவள் புருஷன் வையாபுரி பதினோரு மாதத்துக்கு முன்னால் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து சிலிகுரிக்குப் போனவன். லோடை இறக்கியாயிற்று, திரும்பி வர ரிட்டன் லோடு கிடைக்கவில்லை என்று போன் பண்ணினான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பண்ணினான். "அடுத்த வாரம் ஆயிரும் புள்ள" என்றான். அவன் ஓட்டிப்போன லாரி வேறொரு டிரைவரின் கையில் மூன்றாம் மாதமே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வந்த லாரிக்கு அவள் தெருவிலேயே, அவள் கண் முன்னாலேயே, மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அதே லாரிக்கு அவளே நாலு தடவை லோடு புக் பண்ணி அனுப்பியிருந்தாள். இங்கே நிற்கிற லாரிக்கு அங்கே லோடு வரவில்லை என்று சொல்கிறவனிடம் என்ன கேட்பது? கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, "செரிங்க, பாத்து வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவள் போனை வைத்தாள்.

அந்தத் தெரு முழுக்க லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். நடுவில் ஒரு பட்டறை பல வருஷம் பூட்டிக் கிடந்து, அந்த வருஷம் தையில் ரிஸ்வானாவின் உடற்பயிற்சிக் கூடமாகத் திறந்தது. ரிஸ்வானா முப்பது வயசுக்காரி, மாநில அளவில் பளு தூக்கியவள், முதுகு ஒருமுறை பிடித்துக்கொண்ட பிறகு தூக்குவதை விட்டுவிட்டு மற்றவர்களைத் தூக்க வைக்க வந்தவள். தகரக் கூரைக்குக் கீழே, இன்னும் இரும்புத்தூள் வாசம் போகாத சிமென்டுத் தரையில் ரப்பர் பாய் விரித்து, காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கென்று கெட்டில்பெல் வகுப்பு நடத்தினாள். மயிலாவதி ஒரு செவ்வாய்க்கிழமை, கல்யாணமாகி பெங்களூர் போய்விட்ட மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அது அக்குளில் பிடிக்கிறதே என்று இழுத்து விட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

வரிசையாக வைத்திருந்த இரும்புக் குண்டுகளைப் பார்த்தவுடன் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உருண்டையான உடம்பு, மேலே வளைந்த கைப்பிடி.

"என்னுங்க மாஸ்டர், திண்டுக்கல் பூட்டாட்ட இருக்குது?"

"பூட்டுத்தான்க்கா. நீங்கதான் சாவி" என்றாள் ரிஸ்வானா. வருகிற எல்லோரிடமும் சொல்கிற வசனம் போலிருந்தது. "எட்டு கிலோவுல ஆரம்பிக்கலாமுங்களா?"

"வீட்டுல சிலிண்டரையே நான்தான் உருட்டறேன். எச்சாவே குடுங்க."

பன்னிரண்டு கிலோ கொடுத்தாள். கையால் தூக்கக் கூடாது என்றாள், இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, குண்டைக் கால்களுக்கு நடுவே பின்னுக்கு விட்டு, பின்னம்பக்கத்தை இறுக்கி நிமிர்ந்தால் அது தானாக நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும், வந்த உடனே இறங்கப் பார்க்கும், இறங்கவிட்டு மறுபடி நிமிர வேண்டும், ஒரு சுற்றுக்குப் பதினைந்து என்றாள். மயிலாவதிக்கு முதல் இரண்டு தடவை முழங்கால்தான் மடங்கியது. மூன்றாவதில் தோளால் இழுத்தாள். "அக்கா, இடுப்பு, இடுப்பு" என்று ரிஸ்வானா அவள் இடுப்பில் தட்டினாள். நாலாவதில் என்னமோ பிடிபட்டது. ஐந்து, ஆறு, ஏழு என்று குண்டு போய்ப் போய் வந்தது, மூச்சு உஸ்ஸென்று கிளம்பியது, பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதும் ஒரே வேகத்தில் ஓடின. எட்டாவது தடவை குண்டு நெஞ்சு உயரத்துக்கு வந்த அந்த நொடியில், ஜன்னல் கட்டையில் வைத்திருந்த அவள் போன் அடித்தது. வையாபுரிக்கென்று தனியாக வைத்திருந்த மணி. ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் அது அடித்ததே இல்லை.

மயிலாவதி கையை விட்டுவிட்டாள்.

பக்கத்தில் நின்றவர்கள் காலை இழுத்துக்கொண்டு கத்தினார்கள். ஆனால் எந்தக் காலும் நசுங்கவில்லை, ஏனென்றால் குண்டு கீழே வரவில்லை. விட்ட இடத்திலேயே, தரையிலிருந்து நாலடி உயரத்தில், கைப்பிடி அவள் நின்ற பக்கம் பார்த்தபடி, அந்தரத்தில் நின்றது.

அவள் அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்திருந்தாள். "ஞாயித்துக்கெழம பேச முடியாது புள்ள, அதான் இப்பவே கூப்ட்டேன். ரிட்டன் லோடு இன்னும் வல்ல. அடுத்த வாரம் ஆயிரும்" என்றான் வையாபுரி.

"செரிங்க" என்றாள் மயிலாவதி. "பாத்து வாங்க."

அவள் திரும்பி வந்தபோது ரிஸ்வானா குண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, மேலே ஒருமுறை கீழே ஒருமுறை கையை வீசிக் கம்பி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். "செரி. மத்தவங்களுக்கு ரெஸ்ட் முடிஞ்சுது" என்றாள். "அடுத்த செட்."

பத்து மணிக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. லோடு ஏற்றும் ஆட்கள் நாலு பேர் ஒட்டுக்கா அதைப் பிடித்துத் தொங்கினார்கள், தொங்கியபடியே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து மாட்டிக் கீழே இழுத்தார், செயின் அறுந்தது, குண்டு அசையவில்லை. மதியம் நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, நாலு அடி ஒரு அங்குலம் என்று அளந்து, ஆக்கிரமிப்பு என்றால் தரையில் இருக்க வேண்டும், இது தரையைத் தொடவே இல்லை, ஆகவே நடவடிக்கைக்கு இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது தன் மகளின் ஜாதகத்தை ஒருமுறை அதன் மேல் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். மாலைக்குள் அதன் பெயர் தெருவில் பூட்டு என்று நிலைத்துவிட்டது. கெட்டில்பெல் என்று சொன்னால் ரிஸ்வானாவைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

அன்று மாலை கண்டியம்மாள் வந்தாள். எதிரே டிரைவர்களுக்கு மெஸ் நடத்துகிறவள், அறுபத்திரண்டு வயசு, புருஷனை இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைப்பாதை வளைவில் லாரியோடு பறிகொடுத்தவள். அவளுடைய ஒரே மகன் மௌலி, எத்தனை சொல்லியும் கேளாமல், அப்பனைப் போலவே வடக்கே லைன் ஓட்டுகிறவன். அவன் சற்று முன்தான் போன் பண்ணியிருந்தான். காலையில் ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம், லாரி ஓடி ஓடி ஒரு மண்மேட்டில் ஏறி நின்றதாம், கீறல்கூட இல்லையாம். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறே முக்கால் இருக்கும் என்றான், குண்டு அந்தரத்தில் நின்ற அதே நேரம்.

கண்டியம்மாள் மெஸ் சாமி படத்துக்கு வாங்கிய பூவை எடுத்துப் பூட்டின் வளைவில் சுற்றினாள். "உழுக வேண்டியது உழுகாம நின்னிருக்குது" என்று மட்டும் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் லைனுக்குக் கிளம்பும் எந்த டிரைவரும் லாரிச் சாவியைப் பூட்டில் ஒருமுறை தொட்டு எடுக்காமல் கிளம்பவில்லை. லாரிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் வந்தார்கள், ரோட்டில் இருக்கிறவன் பெயரைப் பூட்டின் காதருகே சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்கள், சொன்ன பெயர்களில் ஒருவனுக்கும் அந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை, ஒருவனுக்கு டயர் வெடித்ததுகூட சாப்பிட நிறுத்திய இடத்தில் வெடித்தது. மினிபஸ் கண்டக்டர் "பூட்டு ஸ்டாப் எறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார். பூக்காரி ஒருத்தி வாசலில் கூடை போட்டாள். ரிஸ்வானாவின் வகுப்பு மெல்ல மெல்ல மூலைக்கு நகர்ந்தது. ஒருநாள் மறதியாக அவள் துண்டைப் பூட்டின் மேல் காயப் போட்டதற்கு மூன்று பேர் வந்து சத்தம் போட்டார்கள்.

மயிலாவதியையும் தெரு மறக்கவில்லை. அவள் கைதானே விட்டது! புக்கிங் ஆபீசுக்கு வரும் டிரைவர்கள் அவள் கையால் சீட்டை வாங்கக் காத்திருந்தார்கள், பக்கத்து மேஜைக்காரர் சும்மா இருந்தாலும் அவள் முன்னால் வரிசை நின்றது. ஆனால் அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

கை இன்னும் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் மதியமே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் லாரி நம்பர் அடிக்கப் போனால் விரல்கள் எதையோ சுற்றி வளைந்தன, சோறு பிசையும்போது முழங்கை நடுங்கியது, இரண்டு கையையும் தொங்கவிட்டு நடந்தாலும் பன்னிரண்டு கிலோ நெஞ்சுக்கு நேரே முன்னால் நீட்டிப் பிடித்த மாதிரியே தோள்பட்டை இழுத்தது. படுத்தால் நெஞ்சுக்கு மேலே அது நின்றது. எழுந்து நடந்தாள். ஓடுவது நின்றுவிடும் என்று போனவளுக்கு ஓட்டமும் சேர்ந்தது, சுமையும் சேர்ந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பெல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் ரிஸ்வானாவிடம்தான் சொன்னாள்.

ரிஸ்வானா அவள் மணிக்கட்டைத் தொட்டு, தசை இறுகியிருப்பதைப் பார்த்தாள். "எட்டாவது ரெப் மேல போச்சு, கீழ வரவே இல்லீங்க்கா. நீங்க வேண்ணா விட்டுட்டீங்க, ஒடம்பு இன்னும் விடல. போயிப் புடிச்சு முடிச்சிருங்க."

மயிலாவதி அன்றே போனாள். பெண்கள் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், பூவை விலக்கிக் கைப்பிடியில் விரலை வைத்தாள். நாலு ஆள் தொங்கியும் அசையாதது, அவள் தொட்டவுடன் ஒரு நூலளவு கீழே இறங்கியது, நெடுநேரம் தூக்கி வைத்திருக்கும் குழந்தை கையை மாற்றிக்கொள்ளக் கேட்பதுபோல. அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்றில்லை. தெரு சொல்வது நிஜமாக இருந்தால்? இது தொங்குகிற வரைக்கும் ரோட்டில் போனவர்கள் விழ மாட்டார்கள் என்றால், இது தொங்குகிற வரைக்கும் அடுத்த வாரம் என்பதும் அடுத்த வாரமாகவே இருக்கும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "செரிங்க, பாத்து வாங்க" என்றாள், வலது கை கனக்கிறது என்று போனை இடது கைக்கு மாற்றி, இடதும் கனக்கிறது என்று மறுபடி வலதுக்கு மாற்றினாள்.

நாற்பது நாள் இப்படியே போயிற்று. முகம் கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, அவள் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நேர்த்திக்கடன் என்று நினைத்துச் சிலர் வழிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் கண்டியம்மாளின் தலைமையில் தெருக் கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. கண்டவர் தொட்டுத் தொங்குவது இனி ஆகாது, பூட்டைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டு நாலு பக்கமும் வெல்டிங் வைத்துவிட வேண்டும், கதவே வேண்டாம், கதவு இருந்தால் யாராவது திறப்பார்கள். பட்டறைத் தெருவில் கிராதிக்கா பஞ்சம், மறுநாள் காலையே தயாராகிவிடும். ரிஸ்வானா வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டியம்மாளே வந்து பக்குவமாகச் சொன்னாள், ரிஸ்வானாவுக்கு மெஸ்ஸில் எப்போது வேண்டுமானாலும் சாப்பாடு உண்டு என்றும் சொன்னாள்.

ரிஸ்வானா மயிலாவதிக்குப் போன் பண்ணினாள். "நாளைக்குக் காலைல கடைசி கிளாஸ்க்கா. அதுக்கப்பறம் உங்களாலயும் அதைத் தொட முடியாது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மயிலாவதி அதே சுடிதாரில் வந்தாள். இப்போது அது தொளதொளத்தது. வாசலில் கிராதி நாலு துண்டாக வந்து இறங்கியிருந்தது, வெல்டிங்காரர்கள் வயரை இழுத்துக்கொண்டிருந்தார்கள், விசேஷம் என்று பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். அவள் நேராகப் போய்ப் பூட்டின் முன்னால், அன்று நின்ற அதே இடத்தில், கால்களை அகட்டி நின்றாள். இரண்டு கையாலும் வளைவைப் பிடித்தாள்.

"அம்மிணி" என்றாள் கண்டியம்மாள். "கைய எடு."

"எடுத்ததாலதானுங்க்கா இத்தனையும்."

"வெளையாடாத. எம் பையன் ரோட்டுல இருக்கான்."

"தெரியுமுங்க. அந்த லோடப் போட்டதே நான்தானுங்க. மௌலி நேத்துப் பொழுதோட நாக்பூர் தாண்டீட்டான்." மயிலாவதி பிடித்த கையை விடாமல் தலையை மட்டும் திருப்பி, கூடி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "பழனாத்தா, உன்ற மருமகன் ஓங்கோல்ல லோடு எறக்கறாரு. சரசக்கா, உங்கூட்டுக்காரரு ஹூப்ளில டீசல் புடிச்சிட்டு இருக்கறாரு. எந்த வண்டி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இருவத்திரண்டு வருசமா அதத்தான பாக்கறேன். அவியள இந்தப் பூட்டுப் புடிச்சு வெக்கலீங்க. அவிய கைதான் ஸ்டியரிங்கப் புடிச்சிருக்குது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கண்டியம்மாள் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று தணித்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டுவிட்டாள்: "உன்ற புருசனுந்தான் போயிருக்கான். உனக்குப் பயமில்லையா?"

மயிலாவதி வளைவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவரு ரோட்டுல இல்லீங்க்கா" என்றாள். "லாரி வந்து ஒம்பது மாசத்துக்கு மேல ஆச்சு. உங்க மெஸ்ஸுக்கு முன்னாலதான பெயின்ட் அடிச்சாங்க."

யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. பழனாத்தா தரையைப் பார்த்தாள். சரசக்கா சேலைத் தலைப்பை முறுக்கினாள். தெருவுக்கே தெரிந்ததை அவளுக்குத் தெரியாது என்று தெரு இத்தனை மாதம் பத்திரமாக வைத்திருந்தது, அவ்வளவுதான். கண்டியம்மாள் தடுக்க நீட்டிய கையைத் தானே இறக்கிக்கொண்டாள்.

"இடுப்பு, அக்கா" என்றாள் ரிஸ்வானா மூலையிலிருந்து. "மூச்ச விட்டு வாங்குங்க."

மயிலாவதி இடுப்பைப் பின்னால் தள்ளினாள். பூட்டு இறங்கியது. நாற்பத்தொரு நாளும் சேர்ந்து இறங்கியது, அவளைக் குப்புற இழுத்துவிடும் போல் கால்களுக்கு நடுவே பாய்ந்து பின்னுக்குப் போயிற்று, குதிகால் பாயில் புதைந்தது, அவள் பல்லைக் கடித்து நிமிர்ந்தாள். "ஒம்போது" என்றாள் ரிஸ்வானா. பூச்சரம் அறுந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. "பத்து." யாரோ ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தன் மகன் பெயரைச் சொன்னாள். பதினொன்று, பன்னிரண்டு, வேண்டிக்கொண்டு பெண்கள் அதில் கட்டியிருந்த மஞ்சள் துணிகள் அவிழ்ந்து பறந்தன, பதிமூன்று, உள்ளங்கைத் தோல் எங்கோ கிழிந்தது, பதினாலு, பதினஞ்சு. அவள் குனிந்து பூட்டைப் பாயில் வைத்தாள். தொம் என்றுகூட இல்லை, ஒரு அரிசிப் படியை வைத்த அளவுக்குத்தான் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரு நொடி தெருவில் எதுவும் அசையவில்லை. அதற்கடுத்த நொடி அத்தனை பெண்களும் போனை எடுத்தார்கள்.

நாற்பது போன் ஒரே நேரத்தில் அடித்தன, ஹூப்ளியில், ஓங்கோலில், சூரத்தில், இந்தூரில், பெயர் வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம் அடித்தன. "எங்க இருக்கறீங்க?" "ஒண்ணுமில்லல்ல?" "ஏதாச்சும் சத்தங்கேட்டுதா?" அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்கள் எல்லாம் எரிச்சலாக இருந்தன. வண்டி ஓட்டும்போது எதுக்குக் கூப்பிடுறே என்றார்கள், இப்பத்தான் கண்ணசந்தேன் என்றார்கள், ஒருவன் டீ சட்டையில் ஊற்றிக்கொண்டதற்குத் திட்டினான். திட்டு வாங்கியவர்கள் எல்லாம் மாரில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மௌலி எடுக்கவில்லை.

கண்டியம்மாள் மறுபடி அடித்தாள், மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மெஸ்ஸில் இட்லி வேகும் ஆவி வாசல் வரைக்கும் வந்தது, யாரும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. கூட்டம் மெதுவாக மயிலாவதியின் பக்கம் திரும்பியது. ஓடிப்போய்விடலாம் என்று அவளுக்குக் கால் துடித்தது, பதினோரு மாதமாகவும் அதற்கு மேலும் ஓடிய கால்தானே, ஆனால் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கண்டியம்மாளுக்கு எதிரே நின்றாள். ஏதாவது வந்தால் முதலில் தன் மேல்தான் வந்து விழ வேண்டும் என்பதுபோல நின்றாள். இருபது நிமிஷம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. வெல்டிங்காரர்களில் ஒருவன் பீடியைப் பற்றவைத்து, பற்றவைத்த நினைவே இல்லாமல் கையில் வைத்திருந்தான்.

போன் அடித்தது.

"எதுக்கும்மா பதினேழு தடவ அடிச்சிருக்கற?" என்றான் மௌலி. அவன் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே வாசல் வரைக்கும் கேட்டது. "பெட்ரோல் பங்க்குல குளிச்சிட்டு இருந்தேன்."

"சோப்புப் போட்டியா?" என்று கேட்டாள் கண்டியம்மாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சாமி. ஈரத் தலையோட வண்டிய எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்ததும் அப்படியே ரப்பர் பாயில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் கிடந்த பூட்டைப் பார்த்தாள். ஒரு கையால் தள்ளினாள், அது புரண்டு படுத்தது, வேறெந்த இரும்பையும் போல. அப்புறம் நிமிர்ந்து மயிலாவதியைப் பார்த்தாள்.

"எல்லாரும் பேசிட்டம். நீ பேசலியே அம்மிணி."

மயிலாவதி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், கிராதித் துண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளாக வையாபுரியைக் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நாலாவது மணியில் எடுத்தான்.

"ஏனுங்க" என்றாள். "லாரி இங்கதானுங்க நிக்குது."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது. ஒரு பெண் என்னவோ கேட்டாள், மயிலாவதிக்குப் புரியாத பாஷை, ஆனால் உப்பு எங்கே, மூடி எங்கே என்று கேட்கிற குரல் எந்தப் பாஷையிலும் தெரியும். வையாபுரி போனோடு தள்ளிப் போவது கேட்டது.

"வருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வல்ல புள்ள" என்றான்.

இத்தனை நாள் லோடுக்குச் சொன்ன அதே சொல்தான். அவள் அடுத்த வாரம் என்ற சொல்லுக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். அது வரவில்லை.

"செரிங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் போனை வைத்தாள்.

உள்ளே வந்தபோது எல்லோரும் அறுந்த பூவைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டார்கள். தோளில் இழுப்பு இல்லை, கைகள் வெறுமனே தொங்கின, அவ்வளவு லேசாக இருந்ததில் அவளுக்குத் தள்ளாடியது. ரிஸ்வானா அவளைப் பிடித்துக் கண்டியம்மாளுக்குப் பக்கத்தில் பாயில் இறக்கி, பஞ்சும் தண்ணீரும் எடுக்கப் போனாள். கண்டியம்மாள் அவள் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து விரலை விரித்தாள். இரண்டு கொப்புளம் உடைந்து, உள்ளங்கை ரோஸ் நிறத்தில் ஈரமாக மின்னியது.

"எரியுதா அம்மிணி?"

"எரியுதுங்க்கா" என்றாள் மயிலாவதி. சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. "ரொம்ப எரியுதுங்க்கா."

"தோலு உரிஞ்சா அப்படித்தான், ரெண்டு நாள்ல ஆறீரும்" என்றாள் பூக்காரி. கண்டியம்மாள் அந்தக் கையைத் தூக்கித் தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள், சின்னக் குழந்தை விழுந்து எழுந்தால் ஊதுவதுபோல மெல்ல ஊதினாள், மூச்சு தீர்ந்தால் நிறுத்தி இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த டிரைவர்கள் பரிமாற ஆளில்லாமல் இலையோடு ரோட்டைத் தாண்டி வந்து வாசலில் நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருவரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை. வெல்டிங்காரர்கள் வயரைச் சுருட்டிக்கொண்டு கிராதியைத் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள், சத்தம் வராமல், ஒரு துண்டுக்கு இரண்டு பேராகப் பிடித்து.